முதுகில் இருபத்தேழு

எங்கள் ஊர் டார்லூக்கில் பந்து என்றால் முட்டை வடிவப் பந்துதான். உருண்டையாகவும் பந்து உண்டு என்று எவனாவது கிளப் கவுன்டரில் வாதாடினால், முதலில் கையில் இருக்கிற மீட் பையை, அந்த இறைச்சிப் பணியாரத்தைத் தின்று முடி, அப்புறம் பேசலாம் என்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊருக்கு இருபத்து நாலு வருஷமாக வாயாக இருந்தவர் நெவில் போல்னர். சனிக்கிழமை பிற்பகல் ஊர் வானொலியில் அவர் குரல் கேட்டால்தான் எங்களுக்கு ஆட்டம் நடக்கிற மாதிரியே இருக்கும். மைதானத்துக்கே வந்து, எல்லைக் கம்பியை ஒட்டிக் காரை நிறுத்தி, கண்ணெதிரே ஆட்டத்தை வைத்துக்கொண்டு, நெவில் என்ன சொல்கிறார் என்று கார் ரேடியோவில் கேட்கிற கூட்டம் எங்கள் கூட்டம். கோல் விழுந்தால் ஹாரன் அடிப்போம். அதுவும் நெவில் "கோல்!" என்று சொன்ன பிறகுதான். கொடி ஆட்டுகிற நடுவரை யார் நம்பினார்கள்?

நெவில் ஒன்றும் பெரிய ஆட்டக்காரர் இல்லை. இரண்டாம் அணியில் அறுபத்தொரு ஆட்டம், அத்தோடு முழங்கால் போயிற்று. பிறகு கோதுமைக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் லாரிகளை எடைபோட்டு உள்ளே அனுப்பினார். தூரத்தில் தூசி கிளம்புகிற தினுசைப் பார்த்தே வருவது யார் வண்டி என்று சொல்லிவிடுவார். அவர் மனைவி ஷெர்லிக்கு இந்த ஆட்டம் என்றாலே ஆகாது. புருஷனின் வர்ணனையை ஒருநாள்கூடக் கேட்டதில்லை, அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வாள். "வீட்டுல பேசுறது பத்தாதுன்னு ரேடியோவுல வேற கேக்கணுமா?"

அந்த ஷெர்லி இரண்டு வருஷமாக ஒரு குறை சொல்லிக்கொண்டிருந்தாள். "பேசும்போது என் மூஞ்சியப் பாக்காம காதப் பாக்குற. அவ்வளவு அலட்சியமா நான்?" அலட்சியமெல்லாம் ஒன்றுமில்லை, பாவம். நேராகப் பார்த்தால் நெவிலின் கண்ணுக்கு நடுவில் ஒரு மங்கல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓரக்கண்ணால் பார்த்தால் ஆள் தெரியும், உருவம் தெரியும், அசைவு தெரியும். முகம் தெரியாது, எழுத்து தெரியாது. ஜெர்சியின் முதுகில் இருக்கிற எண் சுத்தமாகத் தெரியாது. டாக்டரிடம் போனால் என்ன சொல்வார் என்று மனுஷனுக்குத் தெரியும். அதனாலேயே போகவில்லை.

எண் தெரியாமல் எப்படி வர்ணனை சொன்னார் என்று கேட்கிறீர்களா? ஓட்டத்தை வைத்துத்தான். நம் ஊர்ப் பையன்கள் ஒவ்வொருவனையும் பத்து வயசிலிருந்து ஓடப் பார்த்தவர் அவர். ஜெட் குரோல் இடது தோளைச் சாய்த்துக்கொண்டு, தண்ணி வாளி தூக்குகிறவன் மாதிரி ஓடுவான். கோல்பி நைட் சுடுமணலில் கால் வைத்தவன் மாதிரி துள்ளித் துள்ளி ஓடுவான். எதிரணிக்காரர்களைத் தெரியாதே? அதற்குத்தான் கிளெனிஸ் ட்ராஸ்க் இருந்தாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், பதினோரு வருஷமாக நெவில் பக்கத்தில் உட்கார்ந்து யார் எத்தனை தடவை பந்தைத் தொட்டான் என்று கணக்கெடுப்பவள். எதிரணி ஆள் பந்தைப் பிடித்தால் அவன் பெயரை நெவில் காதில் முணுமுணுப்பாள். நம் ஆள் பிடித்தால் பென்சிலால் தாளில் எண்ணைத் தொட்டுக் காட்டுவாள். நெவில் தாளைக் குனிந்து பார்ப்பதே இல்லை. இருபத்து நாலு வருஷ அனுபவஸ்தன் எதற்குத் தாளைப் பார்க்கணும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் வானொலி நிலையத்துக்கு மார்னி ஸ்டீல் பொறுப்பாளராக வந்தாள். கறாரான பொம்பளை, ஆனால் நியாயமானவள். போன மாதம் இரண்டு பேர், நெவில் ஆளை மாற்றிச் சொல்கிறார் என்று போன் போட்டுப் புகார் செய்துவிட்டார்கள். மார்னி அவரை உட்காரவைத்து நேராகவே சொல்லிவிட்டாள். "நெவ், இன்னொரு ஆட்டத்துல பேர் தப்பாச்சுன்னா, மைக்க வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். கோவிச்சுக்காத." நெவில் கோவித்துக்கொள்ளவில்லை. பயந்துபோனார். ஏனென்றால் பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் நம் அணி இறுதி ஆட்டத்துக்குப் போகிற வாசலில் நின்றது. அந்த ஒரு ஆட்டத்தை, நாம் ஜெயிக்கிற ஆட்டத்தை, தன் வாயால் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் கண் என்னவானாலும் ஆகட்டும் என்று இருந்தார் மனுஷன்.

அந்தச் சனிக்கிழமை கல்ஹோம் அணியோடு ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சனிக்கிழமை இறுதி. காலையிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. அரை நேரத்துக்குள் மைதானம் உழுத வயலாகிவிட்டது. பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு பேரும் ஒரே சேற்று நிறம், முதுகு எண்ணை உற்றுப் பார்த்துத்தான் ஆளைச் சொல்லணும். நெவிலுக்கு அது ஒரு வகையில் சௌகரியம், எல்லோருக்கும் தன் கண் வந்த மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

இரண்டே பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தோம். கடைசி நிமிஷத்தில் கல்ஹோம்காரன் கோல் கம்பத்துக்கு நேராக அடித்த பந்தை நம் பையன் ஒருத்தன் மூன்று பேருக்கு மேலே எழும்பிப் பிடித்து, சேற்றில் விழுந்து, விடாமல் அமுக்கிக்கொண்டான். "ஜெட் குரோல்! பின்வரிசையில ஜெட் குரோல்! ஊரையே கையில பிடிச்சு வெச்சிருக்கான்யா!" என்று நெவில் தொண்டை கிழியக் கத்தினார். ஹாரன் சத்தம் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

கத்தி முடித்துவிட்டு சந்தோஷமாகக் கிளப் மண்டபத்துக்குள் நுழைந்தவருக்கு, வாசலிலேயே ஆப்பு காத்திருந்தது.

"வாய்யா நெவ்! எந்த ஆட்டத்தைய்யா பார்த்த நீ?" கசாப்புக் கடை ரஸ் கெம்ப். மழையானாலும் புயலானாலும் காருக்குள் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கிற கோஷ்டிக்குத் தலைவன். தலையிலிருந்து தண்ணி சொட்டச் சொட்ட நின்றான். "கடைசியில பிடிச்சது கோல்பிடா! இருபத்தேழு! என் மூக்குக்கு நேரா நடந்துச்சு!"

"ஜெட் தாம்ப்பா" என்றார் நெவில்.

"ஜெட்டா? ஜெட்டுதான் அரை நேரத்துக்கு அப்புறம் இறங்கவே இல்லையே! ஒன்பதாம் நம்பரை எவனாச்சும் பாத்தீங்களா? கோச் அவனை பெஞ்சில உக்காரவெச்சுட்டான். முன்வரிசை சிங்கத்தை உக்காரவெச்சுட்டு என்ன தந்திரமோ, மண்ணாங்கட்டி!"

காரில் இருந்து பார்த்த ஹெஸ்டர் மோஸ் பின்னல் பையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தாள். "ஏய் ரஸ், உளறாத. ஜெட்டைப் பின்னால போட்டதுதான் கோச்சோட தந்திரமே. கல்ஹோம் நெட்டையனை அவன்தான் ஒட்டிக்கிட்டே சுத்தினான். நான் என் கண்ணால பார்த்தேன்."

"உன் கார் கண்ணாடி பூரா ஆவி. என்னத்தப் பார்த்த? நெவ் சொன்னதக் கேட்டே."

"கேட்டுக்கிட்டே பார்த்தேன்!"

"அப்போ காதால பார்த்தேன்னு சொல்லு!"

கொல்லென்று சிரித்தார்கள். ஆனால் சண்டை விடவில்லை. மண்டபம் இரண்டாகப் பிளந்தது. கம்பிக்காரர்கள் எல்லோரும் கோல்பி கட்சி, கார்க்காரர்கள் எல்லோரும் ஜெட் கட்சி. கோல்பி ஜென்மத்தில் ஒருத்தனை மடக்கிப் பிடித்தது கிடையாது, அவனை எந்தப் புத்திகெட்டவன் பின்வரிசையில் போடுவான் என்று கார்க்காரர்கள் கேட்டார்கள். அதுதான்டா ராஜதந்திரம், எதிராளியே எதிர்பார்க்கவில்லை பார் என்று கம்பிக்காரர்கள் சொன்னார்கள். அப்போது தலையில் கட்டுப் போட்டிருந்தவன் யார்? கோல்பிக்கு அடிபட்டது எப்போது? அடிபட்டது ஜெட்டுக்கு இல்லையா? சூப் கோப்பையை வைத்து ஒருத்தன் களம் வரைந்தான், இன்னொருத்தன் சாஸ் பாட்டிலை எடுத்து அதை நெட்டையன் என்றான், நடுவில் எவனோ அந்த நெட்டையனைத் தன் மீட் பையின் மேல் ஊற்றிக்கொண்டு போய்விட்டான். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரே ஆட்டத்தைத்தான் இத்தனை பேரும் பார்த்தோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கோச்சைக் கேட்டால் தீர்ந்துபோகும். ஆனால் கோச்சும் ஆட்டக்காரர்களும் உடை மாற்றும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தட்டிப் பார்த்தார்கள், திறக்கவில்லை.

நெவில் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே ஜெட் ஜெட் என்று சொன்னாரே தவிர, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் கண்டுவிட்டது. இடது தோள் சாய்ந்திருந்ததே? சாய்ந்திருந்ததா? சேற்றில் எல்லோருக்கும்தான் ஏதோ ஒரு தோள் சாய்கிறது. கண் போனபோதுகூட அவர் இவ்வளவு கலங்கவில்லை. ஓட்டம் தெரிகிறதே, அது போதும் என்று இருந்தார். அதுவும் பொய்யென்றால் இனி எதை நம்புவது?

மார்னி வந்தாள். கையில் போன். "நெவ், பதினாலு பேர் கூப்பிட்டுட்டாங்க. எல்லாரும் ஒரே புகார்தான்." பிறகு கிளெனிஸ் பக்கம் திரும்பினாள். "நீங்க கணக்கு எழுதியிருப்பீங்களே. என்ன எழுதியிருக்கீங்க?"

கிளெனிஸ் நெவிலைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் அது. "இருபத்தேழு" என்றாள். "ரெண்டாவது பாதி முழுக்க இருபத்தேழுதான். ஒன்பது ஒரு தடவகூட இல்ல."

கம்பிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். நெவில் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் பார்த்ததத்தான் சொன்னேன், மார்னி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நான் யாரத்தான் நம்புறது? அடுத்த வாரத்துக்கு வேற ஆள்..." என்று அவள் ஆரம்பித்தபோது, வெளியே கல்ஹோம்காரர்களின் பஸ் உறுமிக்கொண்டு கிளம்புகிற சத்தம் கேட்டது. அது கேட்டதுதான் தாமதம், உடை அறைக் கதவு படாரென்று திறந்தது. முதலில் வந்தவன் குள்ளன். ஆறரை அடி உயரம் இருப்பான், அதனால் ஊரில் அவனுக்குக் குள்ளன் என்று பெயர். அணியின் ஜெர்சி, பந்து, கட்டுத்துணி எல்லாம் அவன் பொறுப்பு.

"போயிட்டானுங்களா? நிஜமாவே போயிட்டானுங்களா?" என்று ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் விழுந்தான். "இனி சொல்லலாம். அடிக்காதீங்கடா. மாத்து ஜெர்சி மூட்டையை வீட்டுக் கொடியிலயே விட்டுட்டு வந்துட்டேன்."

"அதுக்கென்ன இப்போ?" என்றான் ரஸ்.

"அதுக்கென்னவா? அரை நேரத்துல ஜெட் நெத்தி கிழிஞ்சு சட்டையெல்லாம் ரத்தம். ரத்தச் சட்டையோட எறங்க நடுவர் விடமாட்டார். மாத்துச் சட்டை இல்ல. கோல்பிக்கு அப்பதான் தொடை பிடிச்சுக்கிச்சு, இனி ஆடமாட்டான்னு ஆயிடுச்சு. அவன் சட்டையக் கழட்டி ஜெட்டுக்கு மாட்டிவிட்டேன். நம்பர் மாறுனா நடுவருக்குத் தாள்ல எழுதிக் குடுக்கணும். பதட்டத்துல மறந்துட்டேன்டா! கல்ஹோம்காரனுக்குத் தெரிஞ்சா மேல எழுதிப் போட்டு ஜெயிச்சதையே பிடுங்கிடுவானோன்னு பயம். அவனுங்க பஸ் கிளம்புற வரைக்கும் எவனும் வாயத் திறக்கக் கூடாதுன்னு நான்தான் எல்லார் கால்லயும் விழுந்தேன்."

அவன் பின்னாலேயே ஜெட் குரோல் வந்தான், நெற்றியில் கட்டோடு, முதுகில் இருபத்தேழோடு. அவனுக்குப் பின்னால் கோல்பி, வெறும் மேலோடு, தொடையில் ஐஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி.

அப்புறம் கார்க்காரர்கள் போட்ட கூச்சலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஹெஸ்டர் பின்னல் ஊசியால் ரஸ்ஸின் தொப்பையில் குத்தினாள். "யாருடா காதால பார்த்தது? சொல்லு!" ரஸ் நல்லவன், தோல்வியை ஒத்துக்கொள்கிறவன். நேராக வந்து நெவிலைக் கட்டிக்கொண்டான், அவர் சட்டையெல்லாம் ஈரமாயிற்று.

"யோவ், மன்னிச்சுடுய்யா! அந்த மழையில, அந்தச் சேத்துல, அந்தக் கோடியில இருக்கிறவனை நம்பரைப் பார்த்து ஏமாறாம முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க! மனுஷக் கண்ணா அது? கழுகுக் கண்ணுய்யா!"

"கழுகுக் கண்ணு! கழுகுக் கண்ணு!" என்று மண்டபமே மேசையைத் தட்டியது. மார்னி சிரித்தபடி கை கொடுத்தாள். "அடுத்த சனிக்கிழமை நீதான் நெவ். இனி எவனும் பேசமாட்டான்." இரண்டு பியர் அவர் கைக்கு வந்தது. மூன்றாவதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோல்பி அவர் மடியிலேயே வைத்தான்.

நெவிலுக்குச் சிரிப்பும் வந்தது, அதே நேரம் காலுக்குக் கீழே தரை நழுவுகிற மாதிரியும் இருந்தது. ஜெயித்தது அவர்தான். அப்புறம் ஏன் இப்படி? கொஞ்ச நேரம் பிடித்தது, புரிய. இந்த மண்டபத்தில் கண் தெரிந்தவன் எல்லோரும் இன்றைக்கு ஏமாந்தார்கள். ஏமாறாதவர் அவர் ஒருத்தர்தான். சரியாகச் சொன்னது கண் இருந்ததால் இல்லை, அந்த எண் தெரியாததால்.

கிளெனிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். அவள் வீடு நெவில் வீட்டுக்குப் போகிற வழியில், முப்பத்தெட்டு கிலோமீட்டர். எப்போதும் அவர் ஓட்டுகிற காரில்தான் போவாள். இன்றைக்குப் போகலாமா என்று கேட்கவில்லை. தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"நெவ், அது ஜெட்டுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. சரி. ஆனா முதுகுல இருபத்தேழுன்னு எழுதியிருந்துச்சே. 'ஏன்டா இவன் கோல்பி சட்டையப் போட்டிருக்கான்'னு ஒரு தடவகூட நீ சொல்லலையே. நானா இருந்தா அதத்தான் மொதல்ல சொல்லியிருப்பேன். வழக்கமா நீ அஞ்சு நிமிஷம் அதையே பேசியிருப்ப. நான் பென்சிலால குத்திக் குத்திக் காட்டுனேன், ஒனக்கு ஒண்ணுமே தோணலையா?"

அதற்குள் கிளப் தலைவர் கண்ணாடித் தம்ளரைத் தட்டினார். "நெவ் ரெண்டு வார்த்த பேசணும்! மேல வாய்யா!" ரஸ்ஸும் குள்ளனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப்போய் மேடையில் நிறுத்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவருக்குப் பழக்கமான கனம்தான் அது. முன்னால் நூறு முகம், எல்லாம் மங்கல். சும்மா நன்றி சொல்லிவிட்டு இறங்கலாம். ஒரே ஒரு சனிக்கிழமைதானே பாக்கி? யாருக்குத் தெரியப் போகிறது? கிளெனிஸ் வாயைத் திறக்கமாட்டாள். ஆனால் இன்றைக்கு இருட்டில், மழையில், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"எல்லாருக்கும் நன்றி" என்றார். "ஒரு உதவி வேணும். கிளெனிஸ யாராச்சும் வீட்டுல கொண்டு விடுங்க. என்னையும் விடுங்க."

"ஓ! நெவ் இன்னிக்கு முழு பீப்பாயக் குடிக்கப் போறாரு!" என்று எவனோ கத்தினான். சிரிப்பு.

"அது இல்லப்பா. எனக்கு நம்பர் தெரியாது. ஒன்பதும் தெரியாது, இருபத்தேழும் தெரியாது. ரெண்டு வருஷமாத் தெரியல. ஓடுறத வெச்சுத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். மார்னி, சனிக்கிழமைக்கு வேற ஆளப் பாத்துக்கோம்மா."

சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கண் தெரியாமலா இத்தனை நாள் சொன்னார்? அப்போ போன வருஷம் அந்தக் கோல் அடித்தது யார்? அடப்பாவி, எண்ணே பார்க்காமல் அத்தனையும் சரியாகச் சொன்னாரே, அது பெரிசில்லையா? சரியாகச் சொன்னாரென்று உனக்கு எப்படித் தெரியும், நீ காரில்தானே இருந்தாய்? மறுபடி கம்பிக்காரர்கள் ஒரு பக்கம், கார்க்காரர்கள் ஒரு பக்கம். நெவில் மைக்கை வைத்துவிட்டு இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. ரஸ் மட்டும் தன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

கிளெனிஸ் அசையாமல் அங்கேயே நின்றிருந்தாள்.

"ரெண்டு வருஷமா" என்றாள். "ரெண்டு வருஷமா அந்தக் கார்ல நான் தூங்கிக்கிட்டு வந்திருக்கேன்யா. சாஞ்சதும் தூங்கிடுவேன். நெவ் ஓட்டுறான்ல, என்ன பயம்னு."

"தெரியும்" என்றார். "நீ தூங்குன அப்புறம் ரொம்ப மெதுவா ஓட்டுவேன்."

நெவில் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் அவள் முகம் இருக்கிற இடத்தைப் பார்க்க முயன்றார். அங்கே ஏதோ அசைந்தது.

"கிளெனிஸ், அழுறியா, முறைக்கிறியா? சொல்லிடு. எனக்குத் தெரியல."

"ரெண்டும்தான்" என்றாள் அவள்.